ஈஸ்டர் அன்னிக்கு புள்ளைய அடிச்சுட்டேன்: ஒரு வாசகிக்கு பதில்

ராணிப்பேட்டை பக்கத்துல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. பேரு, ஊரு வேணாம்னு சொன்னதால விட்டுட்டேன், லெட்டரையும் கொஞ்சம் சுருக்கியிருக்கேன்.

கேள்வி:

மேடம், எனக்கு 36 வயசு, ஷூ கம்பெனில அப்பர், அதான் ஷூவோட மேல் பாகம், தைக்கிற செக்‌ஷன்ல இருக்கேன். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுறாரு. பையன் எட்டாவது, பொண்ணு மூணாவது, மாமியார் எங்களோடதான் இருக்காங்க. ஈஸ்டருக்கு முந்தின லெந்து (தவக்காலம்) 40 நாளும் ஒரு வேளை உபவாசம், பெரிய வெள்ளி மூணு மணி நேர ஆராதனை, எல்லாத்துலயும் ஒழுங்கா இருந்தேன். ஈஸ்டர் அன்னிக்கு விடியக்காலம் 3 மணிக்கே எழுந்து எல்லாரையும் கெளப்பினாதான் 4.30 ஆராதனைக்கு போக முடியும். பையன் எழுந்திருக்கல, எழுந்தவன் புது சட்டைய போடமாட்டேன்னு அடம், அடிச்சுட்டேன், கன்னத்துல விரல் பதிஞ்சிருச்சு, அந்தக் கன்னத்தோடதான் கோயில்ல உக்காந்திருந்தான். திரும்பி வந்து சொந்தக்காரங்களுக்கு 3 கிலோ பிரியாணி. அவரு கோயிலுக்கு வர்றதில்ல, எங்கள வண்டில கொண்டாந்து விட்டுட்டு போயிட்டாரு, நாங்க திரும்பி வர்றதுக்குள்ள வெங்காயம் உரிச்சு அரிஞ்சு வச்சிருந்தாரு, அவ்ளோதான். மாமனார் போனதுல இருந்து வீட்டு பாகம் விஷயமா கொழுந்தனாரோட பேச்சு வார்த்த இல்ல, ரெண்டு குடும்பமும் ஒரே சர்ச், அவங்க முன்னாடி உக்காந்தா நாங்க கடைசில உக்காருவோம். அன்னிக்கு சாயங்காலம் பையன் கேட்டான், "இயேசு உயிர்த்தெழுந்தாரு சரி, நம்ம வீட்டுல இன்னாம்மா மாறிச்சு?" எனக்கு வாய் வரல, எனக்குதான் விசுவாசம் கொறச்சல்னு தோணுது. ஈஸ்டரும் முடிஞ்சிருச்சு. இனிமே தெனமும் ராத்திரி ஒரு மணி நேரம் குடும்ப ஜெபம் வச்சா வீடு மாறுமா? அதுக்கு அவர எப்படி உக்கார வைக்கிறது? பொண்ணு வேற, இயேசு உயிரோட வந்தப்புறம் என்ன சாப்ட்டாருனு கேட்டுகினே இருக்கா, அதுக்கும் எனக்கு பதில் தெரியல.

பதில்:

அன்பு தங்கச்சிக்கு,

உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். மொதல் தடவ அந்த விரல் பதிஞ்ச கன்னத்துலயே மனசு நின்னுபோச்சு, ரெண்டாவது தடவதான் வேற ஒரு வரி கண்ணுல பட்டுச்சு, நீங்க அவ்ளோதான்னு தள்ளிவிட்ட வரி, அதுக்கு அப்பறமா வரேன்.

நான் ஆயர் இல்ல, வேதாகமக் கல்லூரி பக்கமும் போனதில்ல. வேலூர்ல குடும்ப ஆலோசகரா 20 வருஷத்துக்கு மேல உக்காந்திருக்கேன், ஞாயித்துக்கிழமையானா கோயில்ல ஏதோ ஒரு பெஞ்சுல உக்காந்திருக்கேன், என் தகுதி இவ்ளோதான். ஈஸ்டர் முடிஞ்ச வாரம் என்னப் பாக்க வர்றவங்க எப்பவும் கொஞ்சம் ஜாஸ்தி, கிறிஸ்மஸ் முடிஞ்சும் அப்படித்தான். பண்டிகைக்கு வெள்ளையடிச்சதும் செவுத்து விரிசல் நல்லா தெரியும் பாருங்க, அந்த மாதிரி. அதனால உங்க வீட்டுல மட்டும் ஏதோ ஆகிப்போச்சுனு நெனச்சுக்காதீங்க.

ஈஸ்டர் முடிஞ்சிருச்சுனு எழுதியிருக்கீங்க, முடியலம்மா. இந்த வருஷம் ஏப்ரல் 5 ஈஸ்டர், அதுல இருந்து எண்ணினா 50வது நாள் பெந்தெகொஸ்தே, மே 24, அதுவரைக்கும் திருச்சபை காலண்டர்ல ஈஸ்டர் காலம்தான். சாம்பல் புதன்ல இருந்து ஞாயித்துக்கிழமைங்கள விட்டுட்டு எண்ணினா லெந்துக்கு 40 நாள், ஈஸ்டருக்கு 50. நாமதான் அந்த 40 நாள்ல வாயக்கட்டி வயித்தக்கட்டி இருந்துட்டு, இந்த 50 நாள ஒரே மத்தியானத்துல குக்கர் மூடியோட சேத்து கழுவி கவுத்து வச்சுடறோம். உங்களுக்கு இன்னும் நெறைய நாள் இருக்கு, அதுலயும் பரிட்சை முடிஞ்சு லீவு, புள்ளைங்க வீட்டுலதான் இருக்கும்.

சரி, அடிச்சத பத்தி பேசிடலாம். நீங்க சொன்னத வச்சு நான் ஒரு கணக்கு போட்டேன். 40 நாளா ஒரு வேளை சாப்பாடு கெடையாது, அதுலயே கம்பெனி பஸ் புடிச்சு போயி மிஷின்ல உக்காந்து குனிஞ்ச தல நிமிராம தையல், வெள்ளிக்கிழம முழு உபவாசம், சனிக்கிழம வீடு கழுவி, கறி வாங்கி, இஞ்சி பூண்டு அரச்சு, துணி இஸ்திரி போட்டு நீங்க படுக்கும்போது ராத்திரி பன்னெண்டு ஆகியிருக்கும், 3 மணிக்கு அலாரம். மூணு மணி நேரத் தூக்கத்துல, காலி வயித்துல, ஏப்ரல் மாச வேலூர் புழுக்கத்துல யாருக்குதான் கை நீளாது? உங்களப் புடிச்சது பிசாசு இல்ல, அசதி. இத நான் சொல்லித்தான் ஆகணும், ஏன்னா நீங்க லெட்டர் முழுக்க எனக்கு விசுவாசம் கொறச்சல் விசுவாசம் கொறச்சல்னு எழுதியிருக்கீங்க. (உங்க மாமியாருக்கு சக்கர இருந்து மாத்தர போட்டுகினு உபவாசம் இருக்காங்களானு தெரியல, அப்படி இருந்தா டாக்டர கேக்காம அத செய்ய வேணாம்னு சொல்லுங்க, வருஷா வருஷம் பெரிய வெள்ளி அன்னிக்கு கோயில்ல மயங்கி விழுற பெரியவங்கள நானே பாத்திருக்கேன்.)

ஆனா அசதினு சொல்லிட்டா அடிச்சது இல்லனு ஆயிடாது. அவனுக்கு 13 வயசு, வாங்கின அடிய விட அந்தக் கன்னத்தோட எல்லார் முன்னாடியும் ஒண்ணர மணி நேரம் உக்காந்திருந்தானே, அதுதான் அவனுக்கு எரிஞ்சிருக்கும். அவங்கிட்ட மன்னிப்பு கேளுங்க. எப்போ, எப்படிங்கறது முக்கியம். எல்லாரும் முழங்கால்ல நிக்கும்போது ஜெபத்துக்குள்ள நுழச்சு "ஆண்டவரே நான் என் மகன அடிச்சத மன்னியும்"னு கண்ணத் தொடச்சுகினு கேக்காதீங்க, அது அவனுக்கு இன்னொரு அற. அவன் தனியா சைக்கிளுக்கு காத்து அடிச்சுகினு இருக்கும்போதோ, அடுப்படில நின்னு தோச சாப்பிடும்போதோ பக்கத்துல போயி, "ஈஸ்டர் அன்னிக்கு உன்ன அடிச்சது எந்தப்புடா. வலிச்சிருக்கும், கோயில்ல எல்லாரும் பாத்தது அசிங்கமா இருந்திருக்கும். இனிமே கை ஓங்கமாட்டேன்"னு சொல்லுங்க. அதோட நிறுத்திடணும். "ஆனா நீயும் எழுந்திருக்கலயே"னு ஒரு வால ஒட்டினீங்கனா மொத்தமும் வீணா போச்சு. அவன் கட்டிப்புடிச்சு அழுவான்னு எதிர்பாக்காதீங்க, "ம்ம் சரி"னு சொல்லிட்டு செல்போன எடுத்துகினு போவான், போகட்டும். அவனுக்கு கேட்டிருக்கும்.

வீட்டுல இன்னா மாறிச்சுனு அவன் கேட்டானே, அதுக்கு நீங்க ஒரு வசனத்த தேடிகினு இருக்கீங்கனு நெனக்கிறேன், வசனம் சொன்னா அவன் இன்னும் ஒரு படி மேல போயி கேப்பான். அம்மா தானா வந்து தப்புனு சொன்னா, அது அவன் இதுவர அந்த வீட்டுல பாக்காத ஒண்ணு.

அப்புறம் அந்த ஒரு மணி நேர குடும்ப ஜெபம். வேணாம். நான் ஜெபத்துக்கு விரோதி இல்ல, எங்க பாட்டி தெனம் ராத்திரி பாமாலைல ரெண்டு பாட்டு, ஒரு சங்கீதம், அப்புறம் அவங்க ஜெபம்னு உக்கார வச்சாங்க, பாட்டி ஜெபம் காஷ்மீர் வரைக்கும் போயிட்டு திரும்பி வர்றதுக்குள்ள நாங்க அஞ்சு பேரும் கவுந்து தூங்கியிருப்போம், இன்னிக்கும் முழங்கால்ல நின்னா எனக்கு கொட்டாவி வருது. 8 மணிக்கு கம்பெனி பஸ்ல இருந்து எறங்கி சமச்சு முடிச்ச ஒரு பொம்பள, வண்டி ஓட்டிட்டு வந்த ஒரு ஆம்பள, 13 வயசு பையன், இவங்கள ஒரு மணி நேரம் உக்கார வச்சா மூணாவது நாள் சண்ட, பத்தாவது நாள் அந்த சண்டைக்கு பேரு விசுவாசம்னு ஆயிடும்.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. நாலு சுவிசேஷத்துலயும் கடைசில இருக்குற ஈஸ்டர் பகுதிய மட்டும் எடுத்து, பிரசங்கத்துல கேட்டதெல்லாம் மறந்துட்டு, ஒரு வீட்டு பொம்பள கண்ணால படிங்க. மொத மொத கல்லறைக்கு போனது யாரு? இருட்டு விலகறதுக்குள்ள கெளம்பின பொம்பளைங்க. கைல என்ன? ஓய்வுநாள் முடியட்டும்னு காத்திருந்து தயார் பண்ணி எடுத்துகினு போன வாசன சாமான். வழியில என்ன பேசிகினு போனாங்க? உயிர்த்தெழுதலப் பத்தியா? அந்தக் கல்ல நமக்கு யாரு பொரட்டி தருவாங்கனு, மாற்கு அதத்தான் எழுதியிருக்காரு. பக்தியா பேசல, வேல எப்படி நடக்கும்னு பேசிகினு போறாங்க. சிலிண்டர் தீந்துடுமோ, ஆட்டோ வருமோ, பொண்ணுக்கு ஊக்கு எங்கனு நீங்க விடியக்காலத்துல பரபரத்தீங்களே, ஈஸ்டர் ஆரம்பிச்சதே அந்த மாதிரி ஒரு பரபரப்புலதான். அவங்க ஓடிவந்து சொன்னப்போ ஆம்பளைங்க நம்பவும் இல்ல, வெறும் பேச்சுனு விட்டுட்டாங்கனு லூக்கா மறைக்காம எழுதி வச்சிருக்காரு.

யோவான்ல இன்னொண்ணு இருக்கு, இயேசுவோட சீஷர் பேதுரு கல்லறைக்குள்ள போயி பாக்கறாரு, இயேசுவோட தலைல கட்டியிருந்த துணி மத்த துணியோட கெடக்காம தனியா ஒரு எடத்துல சுருட்டி வச்சிருக்கு. சாவையே ஜெயிச்சுட்டு வர்றவரு துணிய ஒழுங்கா வச்சுட்டு வந்திருக்காரு! இத நான் சண்டே ஸ்கூல்ல சொன்னா பசங்க சிரிக்கும், கூடவே அம்மாமாருங்க எல்லாம் "கேட்டியா, கேட்டியா"னு பசங்கள இடிப்பாங்க. பெரிய தத்துவம் எல்லாம் இதுல எடுக்க வேணாம், ஆனா எனக்கு ரொம்பப் புடிச்ச எடம்.

அதுக்கப்புறம் 40 நாள் அவரு என்ன பண்ணினாருனு பாருங்க. சிலுவைல அறைய தீர்ப்பு சொன்ன பிலாத்து அரமனைக்கு போயி இப்ப என்ன சொல்றனு கேக்கல. தோட்டத்துல அழுதுகினு நின்ன ஒருத்திய பேரச் சொல்லி கூப்புட்டாரு, அதுவரைக்கும் தோட்டக்காரர்னு நெனச்சவ பேரக் கேட்டதும்தான் கண்டுபுடிச்சா. எம்மாவுங்கற ஊருக்கு போன ரெண்டு சீஷங்களோட கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் நடந்தாரு, நம்ம வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட்ல இருந்து காட்பாடி ஜங்ஷனுக்கு நடந்து போயி திரும்பி வர்ற தூரம்னு வச்சுக்குங்க, அவ்ளோ தூரம் வேதத்த விளக்கி சொல்லிகினே வந்தும் அவங்களுக்கு ஆள் தெரியல, வீட்டுல உக்காந்து அப்பத்த புட்டுக் குடுத்தப்போதான் தெரிஞ்சது. பூட்டின அறைக்குள்ள வந்து நின்னு பயந்துகினு இருந்தவங்ககிட்ட, சாப்பிட எதாச்சும் இருக்கானு கேட்டாரு. கடைசியா யோவான் 21, ராத்திரி பூரா வல போட்டு ஒண்ணும் கெடைக்காம வந்தவங்களுக்கு கரையில கரிநெருப்பு போட்டு, மீன் சுட்டு, அப்பம் வச்சு, வாங்க சாப்பிடுங்கனு கூப்புட்டாரு. பேரச் சொல்லி கூப்புடறது, கூட நடக்கறது, புட்டுக் குடுக்கறது, அடுப்பு மூட்டறது. இதெல்லாம் உங்க வீட்டுல தெனம் நடக்குற வேல. யாரு பண்றாங்கனு மட்டும் நீங்க கவனிக்கல.

அந்த வரிக்கு இப்ப வரேன். "வெங்காயம் உரிச்சு அரிஞ்சு வச்சிருந்தாரு, அவ்ளோதான்."

3 கிலோ பிரியாணிக்கு குறஞ்சது ரெண்டு கிலோ வெங்காயமாவது இருக்கும் இல்ல? விடியக்காலம் 4.30க்கு உங்கள எல்லாம் எறக்கி விட்டுட்டு, திரும்பி வந்து படுத்து தூங்கியிருக்கலாம், லோடு வண்டி ஓட்டுறவருக்கு லீவு நாள் தூக்கம்னா என்னனு எனக்கு தெரியும். அவரு தனியா உக்காந்து ரெண்டு கிலோ வெங்காயத்த உரிச்சு அரிஞ்சிருக்காரு. இத எழுதிட்டு அவர எப்படி ஜெபத்துல உக்கார வைக்கிறதுனு எங்கிட்ட கேக்கறீங்க.

எனக்கு ஏன் இது இவ்ளோ உறுத்துதுனா, எங்க அப்பாவும் கோயிலுக்கு வராதவரு. ஒரு தோல் ஷாப்ல நைட் வாட்ச்மேன். ஏதோ ஒரு காலத்துல சபைல யாரோ ஏதோ சொல்லிட்டாங்க, அதுல இருந்து காலெடுத்து வைக்கல, அம்மா அதுக்காக உயிரோட இருந்த வரைக்கும் அழுதாங்க. ஈஸ்டர் அன்னிக்கு நாங்க பாட்டு பாடிகினு பவனி போயி, ஆராதனை முடிச்சு, பசியோட வீட்டுக்கு வந்தா, அப்பா நைட் டூட்டி முடிஞ்ச காக்கி சட்டயோடவே வாசல்ல கும்முட்டி அடுப்ப பத்த வச்சுகினு உக்காந்திருப்பாரு. பழைய பனயோல விசிறியால விசிறுவாரு, கரி செவந்து வரும்போது மேல கம்பி வலய வச்சு கருவாடு சுடுவாரு, ராத்திரி தண்ணி ஊத்தின சோறு, சின்ன வெங்காயம். தெருவே கருவாட்டு நாத்தம், பண்டிகை நாளும் அதுவுமா இன்னா இதுனு பாட்டி திட்டுவாங்க, அப்பா ஒண்ணும் பேசாம முள்ளு நீக்கி எங்க ஆறு தட்டுலயும் வைப்பாரு, அவரு தட்டுல கடைசில தலையும் முள்ளும்தான் இருக்கும். ஒரு வருஷம் ஈஸ்டர் தாண்டி ஏதோ ஒரு ஞாயிறு கோயில்ல யோவான் 21 வாசிச்சாங்க, கரிநெருப்புனு வந்ததும் நான் தம்பிய இடிச்சு, "டேய், அப்பாடா"னு சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சதுக்கு அம்மாகிட்ட கிள்ளு வாங்கினோம். நான் அப்பாகிட்ட இத சொன்னதே இல்ல. சொல்லியிருக்கலாம்.

அதனால உங்க வீட்டுக்காரருக்கு பிரசங்கம் எதுவும் வேணாம், கோயிலுக்கு வாங்கனு இந்த 50 நாள்ல ஒரு தடவகூட கூப்புடாதீங்க. "அன்னிக்கு நீங்க வெங்காயம் அரிஞ்சு வச்சதாலதான் 11 மணிக்குள்ள தம் போட முடிஞ்சுது"னு மட்டும் சொல்லுங்க. அவரு "இன்னா இப்ப திடீர்னு"னு பாப்பாரு, பாக்கட்டும். தோமா கதை ஞாபகம் இருக்கும், கண்ணால பாத்தாதான் நம்புவேன்னு சொன்னவரு, மயிலாப்பூருக்கு வந்தாருனு நம்ம பாரம்பரியம் சொல்ற அதே தோமா. அவரு சொன்னதுக்கும் இயேசு வந்ததுக்கும் நடுவுல எட்டு நாள். அந்த எட்டு நாளும் மத்தவங்க நம்புறாங்க, இவரு நம்பல, ஆனா எட்டாவது நாள் பாத்தா அதே அறையில அவங்களோடதான் இருக்காரு. யாரும் வெளிய தள்ளல, இவரும் கோச்சுகினு போகல. அந்த எட்டு நாள் சாப்பாட்டு நேரத்துல என்ன பேசியிருப்பாங்கனு நான் அடிக்கடி யோசிப்பேன்.

கொழுந்தனார் விஷயம் கொஞ்சம் பெருசு, அத ஈஸ்டரோட சேத்து கட்டாதீங்க. பண்டிகை நாள்ல போயி கையப் புடிச்சு மன்னிச்சுடுங்கனு சொல்லிட்டா சொத்துப் பிரச்சன தீந்துடாது, ஆறு மாசத்துல இன்னும் கசப்பா திரும்பி வரும், நான் பாத்த வரைக்கும் அப்படித்தான். சொத்துக்கு ஒரு வழி, உறவுக்கு ஒரு வழினு பிரிச்சுக்குங்க. உங்க மாமனார் பேர்லயே இருந்த சொத்து, அவரு உயில் எழுதாம போயிட்டாருனா, கிறிஸ்தவங்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். அதுப்படி மூணுல ஒரு பங்கு உங்க மாமியாருக்கு, மீதி ரெண்டு பங்கு புள்ளைங்களுக்கு சமமா, நாத்தனார் இருந்தா அவங்களுக்கும் அதே பங்கு, கட்டிக் குடுத்தாச்சுங்கற பேச்செல்லாம் அங்க செல்லாது. அண்ணனும் தம்பியும் பாதி பாதினு அடிச்சிக்கறாங்க, நடுவுல அம்மாவுக்கு ஒரு பங்கு இருக்குன்னே பலபேருக்கு தெரியறதில்ல. கோர்ட் வளாகத்துலயே இலவச சட்ட உதவி மையம் இருக்கும், பொம்பளைங்களுக்கு வருமான வரம்பு கெடையாது, உங்க மாமியார கூட்டிகினு போயி பத்திரத்த காட்டி ஒரு தடவ கேட்டுட்டு வாங்க. வக்கீல் சொல்றது ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணாதான இருக்கப் போவுது.

உறவு வழிக்கு நீங்க சீக்கிரம் ஆறணும்னு ஒண்ணும் அவசியமில்ல. உயிர்த்தெழுந்த உடம்புல ஆணிக் காயம் அப்படியே இருந்துச்சுனு தோமா கதைலயே இருக்கு, ஆறிப்போச்சுனு யாரும் எழுதல. இத நெனக்கும்போது எனக்கு நம்ம வேலூருக்கு 1946ல வந்த டாக்டர் பால் பிராண்ட் ஞாபகம் வரும், தொழுநோயில மடங்கிப்போன கைங்கள ஆபரேஷன் பண்ணி நிமித்தினவரு. விரல் அழுகி விழுதுனுதான் அதுவர எல்லாரும் நெனச்சாங்க, அவரு கூடவே இருந்து கவனிச்சு சொன்னது, உணர்ச்சி செத்துப்போனதால சூடு பட்டாலும் தெரியல, வெட்டினாலும் தெரியல, அப்படி அடிபட்டு அடிபட்டுத்தான் விரல் தேஞ்சு போவுதுனு. வலிங்கறது கடவுள் குடுத்த காவல்னு கடைசி வர சொல்லிகினு இருந்தாரு. கொழுந்தனார் குடும்பம் முன் பெஞ்சுல உக்காந்திருக்கறத பாத்தா உங்களுக்கு இன்னும் சுருக்குனு இருக்கு இல்ல? அப்ப அந்த எடத்துல இன்னும் உசுரு இருக்குனு அர்த்தம். பாத்தும் ஒண்ணுமே தோணலனு எழுதியிருந்தீங்கனாதான் நான் பயந்திருப்பேன்.

இப்போதைக்கு புள்ளைங்க வழியா போங்க. ரெண்டு வீட்டுப் புள்ளைங்களும் விபிஎஸ்க்கு, அதான் சர்ச்சுல லீவுல நடத்துற பைபிள் வகுப்புக்கு, போகுமில்ல, ஒண்ணா போயிட்டு வரட்டும், நுங்கு வாங்கினா நாலு எச்சா வாங்கி அந்தப் புள்ளைங்க கைல குடுத்து விடுங்க. அதுக்கு முன்னாடி மாமியாருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க. அவங்க கேக்காம செஞ்சா "என்ன கேக்காம இன்னாத்துக்குடி அவன் வூட்டுக்கு குடுத்தனுப்புன"னு வேற ஒரு சண்ட ஆரம்பிக்கும், கேட்டுட்டு செஞ்சா ஒருவேள அவங்களே நாலுக்கு ஆறா எடுத்து வைப்பாங்க. அது அவங்க பெத்த புள்ளை வீடு, நீங்க மறந்தாலும் அவங்க மறக்க மாட்டாங்க.

ஜெபம் பத்தி ஒரு வார்த்த கேட்டீங்கனா, அஞ்சு நிமிஷம் போதும். லீவு நாள்ல கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும் எல்லாரும் மொட்ட மாடிலதான படுக்கறீங்க, அங்கயே பாய் விரிச்சதும், பொண்ணு ஈஸ்டர் பகுதில இருந்து பத்து வரி படிக்கட்டும், தப்பா படிச்சா திருத்தாதீங்க. மாமியார் மனப்பாடமா ஒரு கீர்த்தனை பாடட்டும், அந்தக் காலத்து பொம்பளைங்க கண்ண மூடினா அம்பது பாட்டு சொல்லுவாங்க, யாரும் பாடச் சொல்லி கேக்கறதில்ல. பையன் ஒண்ணும் பண்ண வேணாம், படுத்துகினே கேக்கட்டும். அவரு கீழயே இருந்தா கீழயே இருக்கட்டும், சத்தம் கேக்கும்.

அடுத்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 28, இன்னும் சீக்கிரமே வந்துடும், அதனால இப்பவே சொல்லிடறேன்: பிரியாணிய சாயங்காலத்துக்கு தள்ளுங்க, இல்ல மறுநாள் திங்கக்கிழமைக்கு தள்ளுங்க, சொந்தக்காரங்க கோச்சுக்க மாட்டாங்க, கோச்சுகிட்டாலும் வந்து சாப்பிடுவாங்க. புது சட்ட கட்டாயம் இல்ல, கிறிஸ்மஸ் சட்டைய அவனே எடுத்து போட்டுகினு வரட்டும். சனிக்கிழம ராத்திரி 9 மணிக்கு வெளக்க அணச்சுடுங்க.

கடைசியா உங்க பொண்ணோட கேள்வி. எனக்கு வந்த லெட்டர்லயே ரொம்ப ஒழுங்கான கேள்வி அதுதான். அவகிட்ட சொல்லுங்க, மீன் சாப்பிட்டாரு. லூக்கா 24ல சுட்ட மீன் ஒரு துண்டு குடுத்தாங்க, வாங்கி அவங்க முன்னாடியே சாப்பிட்டாரு, நம்ம பழைய தமிழ் பைபிள்ல கூடவே தேன்கூடும் இருக்கு. யோவான் 21ல அவரே மீன் சுட்டு வச்சாரு, அதுக்கு மேல வலைல 153 மீன், எண்ணி எழுதியிருக்காங்க. அந்தக் கரிநெருப்புக்கு இன்னொரு கதையும் இருக்கு, கொஞ்சம் பெருசானதும் சொல்லுங்க: பேதுரு இயேசுவ தெரியாதுனு மூணு தடவ சொன்னாரே, அப்பவும் ஒரு கரிநெருப்புகிட்ட நின்னு குளிர் காஞ்சுகினுதான் சொன்னாரு. புதிய ஏற்பாட்டுல அந்த வார்த்த வர்றதே இந்த ரெண்டு எடத்துலதான். மீன் சுட்ட அந்த நெருப்புகிட்ட வச்சுத்தான் இயேசு அவர, என்ன நேசிக்கிறியானு மூணு தடவ கேட்டாரு, அதுவும் எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம்.

ஒரு ஞாயித்துக்கிழம சாயங்காலம் நீங்களும் மாடில மூணு செங்கல் வச்சு கரி போட்டு மீன் சுடுங்களேன். சுடறத அவருகிட்ட விட்டுடுங்க, விசிறி பையன் கைல. பெரிய மீன் எதுவும் வேணாம், ஜிலேபி கெண்டையே போதும், ஏரி மீன் விக்கிறவங்ககிட்ட எல்லாம் கெடைக்கும், மலிவுதான், அதனாலயே யாரும் மதிக்கிறதில்ல. ஆனா கலிலேயா ஏரில இன்னிக்கும் புடிச்சு, பேதுரு மீன்னு பேரு வச்சு சுட்டுக் குடுக்கறாங்களே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம், திலாப்பியா. நம்ம ஜிலேபி 1952லதான் வெளிநாட்டுல இருந்து இந்தியாவுக்கு வந்துச்சு. செதில நல்லா தேச்சு, ரெண்டு பக்கமும் கீறி, உப்பும் மொளகாத்தூளும் மஞ்சளும் தடவி அர மணி நேரம் வச்சுட்டு சுடச் சொல்லுங்க. முள்ளு கொஞ்சம் கெட்டியா இருக்கும், பொண்ணுக்கு மட்டும் பாத்து எடுத்துக் குடுங்க.